கல்லறைக்கு ஒரு குரோட்டன்ஸ்

நவம்பர் 2, இரவு.

இன்று கல்லறைத் திருநாள். வருடா வருடம் மாமியார் கல்லறையில் வைக்கச் சாமந்தித் தொட்டி வாங்க நானும் அவரும் நர்சரிக்குப் போவோம். அவர் குரோட்டன்ஸ் பக்கமே நிற்பார். பூக்காத செடி எதற்கு என்று இழுத்து வந்துவிடுவேன். இந்த வருடம் தனியாகப் போனேன்.

"இன்னாக்கா, அண்ணன் வரல?" என்றான் நர்சரிக்காரன்.

"அவராண்டதான் போய்க்கினு கீறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே செடியை எடுத்துக் கொடுத்தான். குரோட்டன்ஸ்தான் வாங்கினேன்.

அவருடைய மண்மேடு மழையில் இளகிக் கிடந்தது. எல்லோரையும் போலத் தொட்டியை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருக்கலாம். கை தானாகக் குழி பறித்துச் செடியை நட்டு, சுற்றிலும் மண்ணை அழுத்திவிட்டது.

"இன்னாம்மா இது? அடுத்த வாரம் சிமெண்டு பூசறப்போ புடுங்கிடுவோமே" என்றார் குழி வெட்டுகிறவர். சரி என்றேன். அழுகை வரவில்லை.

காலித் தொட்டியைக் கொண்டுவந்து மொட்டைமாடியில் மற்றச் செடித்தொட்டிகளோடு வைத்தேன். சாயங்காலம் இலைகளில் படிந்த துறைமுகத் தூசியைக் கழுவி, வரிசையாகத் தண்ணீர் ஊற்றினேன். அந்தக் காலித் தொட்டிக்கும் ஊற்றியிருக்கிறேன். அடி ஓட்டை வழியாக வந்து காலை நனைத்த பிறகுதான் தெரிந்தது.

தெரிந்த பிறகும் இன்னொரு சொம்பு ஊற்றினேன்.