கோபுரத்துக் கண்ணாடி

கார்த்திகை 9, செவ்வாய். இரவு.

சித்திரையில் நிலம் அதிர்ந்ததும் புத்தலப்பட்டுப் பக்கத்துக் கோயிலின் பழைய கோபுரத்தில் விரிசல் கண்டது. அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தேன். சுவர் அசைந்தால் அதுதான் முதலில் உடையும். இத்தாலியில் கட்டடப் பொறியியல் படித்தபோது கற்ற வேலை. நிலநடுக்கத்தில் பிளந்த ஒரு பழங்கால மணிக்கூண்டில் கண்ணாடி உடைந்த அன்றே தெருவை அடைத்தார்கள். மறுவாரம் கூண்டு சரிந்தது. கீழே யாரும் இல்லை.

இன்று ஏணியில் ஏறிப் பார்த்தேன். கண்ணாடி முழுதாக இருந்தது. ஆனால் அதன்மேல் நான் எழுதிய தேதி இல்லை.

காவலாளி முனிரத்தினத்தைக் கேட்டேன்.

"ஒடஞ்ச கண்ணாடி கோயில்ல இருக்கலாமா மேடம்? ஒடைய ஒடைய நான்தான் புதுசு ஒட்டிக்கினு வர்றேன்."

"எத்தன வாட்டி?"

"மூணு வாட்டி" என்றார், பெருமையாக.

நாளை தீபம். ஊரே அந்தக் கோபுர வாசலில்தான் நுழையும். வாசலை மூடச் சொல்லி கோயில் அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"போன மாசம் நீங்கதானேம்மா கண்ணாடி ஒடையலன்னு எழுதிக் குடுத்தீங்க? இப்ப மூடுன்னா எப்படி? வேற மாதிரி எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

நான்தான் கொடுத்தேன். அன்று வெயில். ஏணி ஏறாமல் கீழே நின்றே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கடிதத்தை மூன்று விதமாக எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் பழி முனிரத்தினத்தின் மேல் விழுந்தது. நான்காவதில், 'நான் மேலே ஏறிப் பார்க்கவில்லை' என்றுதான் முதல் வரி. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வாசல் நாலரைக்குத் திறப்பார்கள். இப்போதே கடிதத்தோடு போய் அதிகாரியை எழுப்ப வேண்டும்.