கறுப்பு அங்கி

ஜூலை 9, செவ்வாய்

டேவிட்டைக் கொன்றது அவனுடைய காண்டிராக்டர்தான். எண்ணூரில் எண்ணெய்த் தொட்டியைக் கழுவ, முகமூடிகூட இல்லாமல் அவனை உள்ளே இறக்கிவிட்டார்.

இன்று அவனுடைய கண்ணீர் அஞ்சலி பேனரை நான்தான் செய்தேன். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து செத்தவர்களின் படத்துக்குக் கோட்டு மாட்டுகிறேன். இதுதான் என் கலை.

டேவிட்டின் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “கோட்டு வாணாம் நைனா. பட்டம் வாங்க சொல்லோ போடுவாங்களே கறுப்பு அங்கி, அத்த போடு. ரெண்டு பேப்பர்தான பாக்கி வெச்சிருந்தான்?”

போட்டேன். அவன் ஆறு வருடம் முட்டி மோதியும் கிடைக்காத பட்டம், ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

அப்போது காண்டிராக்டர் வந்தார். “பேனர் செலவு என்னுது தம்பி. கீழ என் போட்டோவப் பெரிசா போடு.”

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“போட்ரு நைனா,” என்று அம்மா என் காதருகே கெஞ்சினார். “சின்னவள காலேஜ் வரிக்கும் படிக்க வெக்கிறேன்னு சொல்லிகீறாரு.”

“சின்னவள படிக்க வெக்கிறேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணே. அப்பால போட்டோ போடறேன்,” என்றேன்.

காண்டிராக்டர் அது காதில் விழாதவர்போல், செல்போனில் தன் போட்டோவைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

“மீசைய மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கிடு தம்பி.”