பானெட்டுக்குள் ஒரு சிவப்பு ஃபில்டர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அவர் நிறையப் பேசினார். கல்யாணமாகி எட்டு மாதத்தில் இத்தனை வாக்கியங்களை ஒரே மூச்சில் அவரிடம் கேட்டதில்லை. எல்லாம் எங்கள் கார் மூச்சு விடுவதைப் பற்றி.

"மூக்கடைப்போட ஓடற மாதிரி ஓடுது பாவம்" என்றார். கம்பெனி வைத்துக் கொடுத்த கறுப்புப் பெட்டி வழியாகத்தான் எஞ்சினுக்குக் காற்று போகிறதாம். அதைக் கழற்றிவிட்டு நேராகக் குளிர்ந்த காற்றை இழுக்கிற மாதிரி ஒரு குழாயும் ஃபில்டரும் மாட்டலாமாம். குளிர்ந்த காற்று அடர்த்தி, அடர்த்தியான காற்றில் பெட்ரோல் நன்றாக எரியும், வண்டி இழுக்கும். சொல்லும்போது கையாலேயே காற்றை அள்ளி அள்ளிப் போட்டார். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

கடைசியில்தான் விஷயம் வந்தது. அடுத்த மாதம் பழைய விமான ஓடுதளத்தில் கார் கிளப்காரர்கள் நேரம் வைத்து ஓட்டவிடுகிறார்கள். "பேர் குடுத்துட்டேன்" என்றார், ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தவர் மாதிரி. "உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"ரொம்ப நல்ல விஷயம்" என்றேன்.

நான் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்கிறேன். அவரும்தான். ஒரு நாளைக்கு எத்தனை 'நல்லா இருக்கு' புழங்குகிறது இந்த இரண்டு அறை வீட்டில்! ஓட்டல் வரவேற்பறை மாதிரி இருக்கிறோம். நல்ல ஓட்டல்தான், குறை சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

திருத்த வேண்டிய புவியியல் பாடநூல் அச்சுப்படி மேஜையில் கிடக்க, நாளெல்லாம் காற்று ஃபில்டர் பற்றிப் படித்தேன். யாரோ முகம் தெரியாதவர்கள் ஒரு குழாய் வளைவைப் பற்றி இவ்வளவு உருகி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. காதல் கடிதங்களில்கூட இத்தனை கவனத்தைப் பார்த்ததில்லை.

விளங்கியவரை: வழி மூன்று. பழைய பெட்டியை அப்படியே விட்டு, உள்ளே நல்ல ஃபில்டர் தட்டு ஒன்றை மாற்றுவது. இல்லையென்றால் நீளக் குழாய். அது பம்பருக்குப் பின்னால் தாழ இறங்கி வெளிக்காற்றைப் பிடிக்கும், ஆனால் தேங்கிய மழைநீரில் இறக்கினால் எஞ்சினே தண்ணீர் குடித்துவிடும். மூன்றாவது குட்டைக் குழாய். ஃபில்டர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்து உட்கார்ந்திருக்கும். நல்ல சத்தம் வரும். இழுப்பது என்னவோ எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை.

நானாக இருந்தால் ஃபில்டர் தட்டோடு நிறுத்தி, மிச்சக் காசில் டயரும் பிரேக் பேடும் வாங்குவேன். வளைவுகளில்தான் நேரம் போகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஆனால் வண்டி அவருடையது. ஆசையும் அவருடையது.

மார்ச் 7, சனி

கடைக்குப் போனோம். கூடவே சைலன்சரும். அவர் அலுவலகத்தில் லிஃப்ட் பழுது பார்க்கும் இளைஞன். வாயை மூடவே மாட்டான், அதனால் இந்தப் பெயர்.

கடைக்காரர் மூன்றையும் எடுத்து வைத்தார். என் வீட்டுக்காரர் கை நீளக் குழாயைத் தடவியது. கண் குட்டைக் குழாயின் சிவப்பு ஃபில்டர் மேல் இருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று என்னைக் கேட்டார். மனுஷன் சிவப்பைத்தான் ஆசையாகப் பார்க்கிறார், நாம் எதற்குக் குறுக்கே நிற்க வேண்டும்?

"இந்தச் சிவப்பு நல்லா இருக்கு" என்றேன்.

"ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அண்ணி சொன்னா அப்பீலே கிடையாது" என்று சைலன்சர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டான்.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டு பேருமாக மாட்டினோம். நான் டார்ச் பிடித்தேன்.

"இங்க... இல்ல, கொஞ்சம் கீழ. என் மூக்குல அடிக்காதே."

"மூக்கை எடுங்க."

"எங்க எடுத்து வைக்க?"

பெட்டியைக் கழற்றினார். குழாயில் குத்தியிருக்கும் சின்ன சென்சரின் பிளக்கை எப்படி நெம்பாமல் எடுப்பது என்று எனக்கும் காட்டிக்கொடுத்தார். விரல் முட்டி இரண்டு இடத்தில் தோல் உரிந்தது, கவனிக்கவே இல்லை. ஸ்டார்ட் செய்ததும் உர்ரென்று ஒரு உறுமல். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவர் சிரித்தால் இடது கண் முதலில் மூடுகிறது. எட்டு மாதம் கழித்து இன்றுதான் பார்க்கிறேன்.

கழற்றிய கறுப்புப் பெட்டியைப் பரண்மேல் வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

சிமென்ட் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். சத்தம் பிரமாதம். வேகம்?

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு."

பாதி ஏற்றத்தில் கியரைக் குறைத்தார். முன்பெல்லாம் குறைத்ததில்லை.

மார்ச் 17, செவ்வாய்

எஞ்சினின் அளவுகளை போனில் காட்டும் ஒரு சின்ன கருவியைத் தருவித்தேன். ஸ்டியரிங்குக்கு அடியில் குத்தினால் போதும். இன்று கடைத்தெருவுக்குப் போய்வந்தபோது பார்த்தேன். வெளியே 31 டிகிரி. எஞ்சினுக்குள் போகும் காற்று, சிக்னலில் நிற்கும்போது, 66.

குளிர்ந்த காற்றுக்காகக் காசு கொடுத்து அடுப்பு வாங்கியிருக்கிறோம்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏண்டி, ஊரான் புத்தகத்துல ஒரு கமா தப்பா இருந்தா கோடு போடற. புருஷன்கிட்ட ஒரு ஃபில்டர் சரியில்லன்னு சொல்ல வாய் வரலயா?"

"அவர் ஆசையா இருக்கார்க்கா."

"நீ சொல்லலன்னா அந்த மைதானத்துல கடிகாரம் சொல்லும். அதுக்கு உன்னை மாதிரி தயவு தாட்சண்யம் கிடையாது."

அதுதான் பயமே. அவர் தனக்காகக் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான். அங்கே அலுவலகம் முழுக்க நின்று பார்க்கும்.

மார்ச் 19, வியாழன்

வார நாட்களில் கம்பெனி வேன் வந்து அவரை ஏற்றிக்கொள்ளும். வேன் திரும்பியதும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

சிவப்பு ஃபில்டரோடு ஏற்றத்தில் மூன்று முறை. அப்புறம் அதைக் கழற்றி, பழைய பெட்டியை மாட்டி, மூன்று முறை. போனில் நேரம். வழியில் ஒரு ஆடு குறுக்கே வந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய பெட்டிதான் வேகம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு விநாடி. சந்தேகமே இல்லை.

மறுபடி சிவப்பை மாட்டி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நகத்தோரம் கறுப்பு போகவில்லை. அவர் வந்ததும் சமையல் கரி என்று சொல்ல வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. குழைந்து கூழாகியிருந்த காய்கறியைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

எப்படிச் சொல்வது? இன்னும் வழி தெரியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வேன் ரிப்பேர். காரில் போனார். பத்தே நிமிஷத்தில் போன்.

"பாலத்துக்குக் கீழ நிக்கிறேன். எஞ்சின் லைட் எரியுது, வண்டி திணறுது. நான்தான் எதையோ ஒழுங்கா மாட்டல. என்னை நம்பி ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுக்கக் கூடாது, ச்சே."

பிளக். சென்சர் பிளக்கை நான் மாட்டவே இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். அவரே கண்டுபிடித்து மாட்டியிருப்பார், தன் தலையிலேயே பழியைப் போட்டுக்கொண்டிருப்பார். அந்த 'ச்சே'யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"குழாய்ல சென்சர் பிளக் தொங்கும் பாருங்க. மாட்ட மறந்துட்டேன்."

"யாரு மறந்தா?"

"நான்."

பின்னால் ஹாரன் சத்தங்கள். "நீ எதுக்கு அதைக் கழட்டின?"

"வீட்டுக்கு வாங்க. சொல்றேன்."

மாலை வரை ஒரு வரிகூடத் திருத்தவில்லை.

மார்ச் 21, சனி

நேற்று வந்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காற்றின் சூடு, ஏற்றம், ஒரு விநாடி, ஆடு.

"எனக்கும் ஏத்தத்துல சந்தேகம் வந்துச்சு" என்றார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஆசைப்பட்டு எடுத்தது."

"நானா? நீங்கதானே அந்தச் சிவப்பையே பாத்துட்டு இருந்தீங்க!"

"விலைச்சீட்டைப் பாத்தேன்! எனக்கு வேணும்னு இருந்தது நீளக் குழாய். உனக்குத்தான் சிவப்பு பிடிச்சிருக்கேன்னு..."

அப்படியானால் அந்தக் கடையில் அதை விரும்பியவர் யார்? கடைக்காரர் ஒருவர்தான்.

நான் சிரிக்கப்போனேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மெதுவாகக் கேட்டார்: "அப்ப இந்த எட்டு மாசத்துல நீ நல்லா இருக்குன்னு சொன்னதுல எதெல்லாம் பொய்?"

கோபத்தோடு கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எதிரில் உட்கார்ந்து யோசித்து யோசித்துச் சொன்னேன். பச்சைத் திரைச்சீலை. சினிமாவுக்குப் போனால் முன்வரிசை. ஞாயிறு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் சைலன்சரைக் கூட்டிவருவது. குளிக்கும்போது பாடுவது.

"பாடறது கூடவா?"

"சுருதி எங்கயோ போகுது, நீங்க எங்கயோ போறீங்க."

அதில்தான் மனுஷனுக்கு நிஜமாக அடிபட்டது.

"உங்களுது சொல்லுங்க" என்றேன். முதலில் ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லாத ஆள் இப்படிச் செருப்போடு உட்கார மாட்டார் என்றேன். அப்புறம் வந்தது: "நீ படிக்கிற கதையெல்லாம் முடிவுல இருந்து சொல்ற. அப்புறம் எனக்குப் படிக்க என்ன இருக்கு?" என் பிளாஸ்க் காபி. என் ஊறுகாய் ஜாடி வரிசை. கடைசியாக, தரையைப் பார்த்துக்கொண்டு: "கட்டில்ல அந்த ஓரத்துல எனக்குத் தூக்கமே வராது. முதல் நாள் நீ இந்தப் பக்கம் உக்காந்துட்ட. சரின்னு விட்டுட்டேன்."

எட்டு மாசமா! எட்டு மாசமா ஒரு மனுஷன் தூங்காம... நான் என்ன ராட்சசியா, ஒரு வார்த்தை சொன்னா விழுங்கிடுவேனா? அழுகை வந்துவிட்டது. கத்தினேன் என்றே நினைக்கிறேன். அவரும் குரலை உயர்த்தினார்: "நீ மட்டும் சொன்னியா?" கீழ்வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள்.

"இன்னும் ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தார். கேட்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தார். அவர் என்ன கேட்க நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

படுக்கும்போது நான் அந்த ஓரத்துக்குப் போனேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஒன்பது மணி வரை குறட்டை.

மார்ச் 29, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கச் சண்டை. டயரா, நீளக் குழாயா?

"டயர்ல என்ன இருக்கு? ஒரு சத்தம்கூட வராது."

"சத்தம் வேணும்னா சைலன்சரை டிக்கியில ஏத்திட்டுப் போங்க."

நீளக் குழாயை அவர் விடவில்லை. நம் தெருமுனையில் மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் என்றேன். ஓடுதளத்தில் தண்ணீர் எங்கே என்றார். ஓடுதளத்துக்கு இந்தத் தெரு வழியாகத்தானே போக வேண்டும் என்றேன். யோசித்தார். இது ஒன்றில் நான் ஜெயித்தேன். பழைய பெட்டி, உள்ளே புது ஃபில்டர் தட்டு, நான்கு நல்ல டயர். பிரேக் பேட் அவர் யோசனை என்று இப்போது சொல்லிக்கொள்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் பழைய பேடை மாற்றினால் மட்டும் போதாது, பிரேக் எண்ணெயையும் புதிதாக ஊற்ற வேண்டும் என்று அவர் சொன்னது எனக்குத் தோன்றாத விஷயம். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

சிவப்பு ஃபில்டரை சைலன்சர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டான். சூட்டைப் பற்றி எச்சரித்தோம். "சத்தம் வருமா அண்ணி? அது போதும்."

குளியலறை ஒரு வாரமாக அமைதி. காலையில் தாங்க முடியாமல் கதவைத் தட்டி, "பாடுங்க, பரவாயில்ல" என்றேன். "பொய்யா, நிஜமா?" என்றார் உள்ளேயிருந்து. "சுருதி மோசம். ஆனா பாடாம இருந்தா வீடு நல்லா இல்ல." அப்புறம் ஆரம்பித்தார். மோசம்தான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஓடுதளத்தில் வெயில், தார் வாசனை, ஆரஞ்சு நிறக் கூம்புகள். அவர் முறை வந்தபோது ஹெல்மெட் வாரை நான்தான் மாட்டிவிட்டேன். அவர் கழுத்து நாடி துடிப்பது விரலில் தெரிந்தது.

முதல் ஓட்டத்தில் ஒரு கூம்பைத் தூக்கி எறிந்தார். இரண்டாவதில் மூன்றாம் வளைவை வண்டி வழுக்காமல், கோடு கிழித்த மாதிரி எடுத்தது. பட்டியலில் நடுவில் எங்கேயோ வந்தார். தன் வண்டியோடு வந்திருந்த சைலன்சரைவிட மேலே. "சத்தத்துல நான்தான் ஃபர்ஸ்ட் அண்ணே" என்றான் அவன், உண்மையிலேயே மகிழ்ச்சியாக.

திரும்பும்போது, "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"முதல் ஓட்டம் படு மோசம். ரெண்டாவதுல மூணாம் வளைவு வந்தப்ப எனக்கு மூச்சே நின்னுடுச்சு."

காரை ஓரமாக நிறுத்தினார். "மூணாம் வளைவா? நிஜமாவா?" வீடு வரும்வரை அந்த ஒரு வளைவைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வாசலில் கார் கழுவினோம். அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார், நான் வாளியோடு நின்றேன்.

"அன்னிக்குக் கேக்காம விட்டது ஒண்ணு இருக்கு" என்றார், சக்கரத்தைப் பார்த்தே.

"தெரியும்."

"பொண்ணு பாத்துட்டுப் போன அன்னிக்கு, பிடிச்சிருக்குன்னு சொல்லி அனுப்பினியே..."

"அது பொய். பிடிக்கலன்னும் இல்ல. எனக்கு உங்களைத் தெரியவே தெரியாது. எல்லாரும் கதவுகிட்ட நின்னுட்டு இருந்தாங்க, சொல்லிட்டேன்."

தலையாட்டினார். துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தார்.

"இப்ப?"

"சொன்னா நம்புவீங்களா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "முன்ன மாட்டேன். இப்ப நம்புவேன்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னேன்.

என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவரிடமே சொல்லியாகிவிட்டது.