கையெழுத்துப் போட்டவர்கள்

மார்ச் 4
எழுத்தறிவுக் கணக்கெடுப்பு ஆரம்பம். எனக்குக் கிடைத்தது பெயின்ட் ஆலைக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகள். என் நாத்தனாரும் அங்கேதான் இருக்கிறாள். அட்டையில் அச்சடித்த ஒரு வரியை வாசிக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அட்டையை நீட்டியதும் எல்லோரும் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்கள், பத்தொன்பது வயதுப் பெண் உட்பட. நாத்தனார் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு அண்ணி” என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மார்ச் 11
அதிகாரி கூப்பிட்டார். “போன தடவை படிக்கத் தெரியாதவங்க நூத்துக்கு இருபது. இப்ப இருபத்தெட்டா? நாடு பின்னாலயா போகுது?”
உள்நாட்டுச் சண்டை நடந்த வருடங்களில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது வளர்ந்து கணக்கில் வந்திருக்கிறார்கள் என்றேன்.
“அதெல்லாம் மேல எடுபடாதும்மா. கையெழுத்துப் போடத் தெரிஞ்சா எழுத்தறிவு. அட்டைய உள்ள வச்சிடுங்க.”

மார்ச் 15
மறுபடி அதே வீடுகள். நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டு, படம் வரைவதுபோல் பெயரைப் போட்டாள். “நானும் படிச்சவளாயிட்டேனா அண்ணி?” முகமெல்லாம் பூரிப்பு. ஆமாம் என்று குறித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

ஏப்ரல் 2
படிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்கு நான்கு. செய்தித்தாளில் முதல் பக்கம். அலுவலகத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஏப்ரல் 20
ஒலிபெருக்கி வண்டிக்காரரை டீக்கடையில் பார்த்தேன். நகராட்சி அறிவிப்புகளைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவாரே, அவர்தான். வேலை போய்விட்டதாம்.
“எல்லாருக்கும் படிக்கத் தெரியும்போது நீ எதுக்குய்யா கத்தணும், நோட்டீஸ் ஒட்டினா போதாதான்னாங்க. நியாயந்தானே?”
அவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 9
காய்ச்சல். இரண்டாவது நாளாகப் படுக்கை.

மே 13
இன்றுதான் எழுந்து நடமாட முடிந்தது. நாத்தனாரைப் பார்த்து வரலாம் என்று போனேன். குழாயடியில் வழக்கம்போலக் குடங்கள். தொட்டிச் சுவரில் ஒரு நோட்டீஸ். ஆலையிலிருந்து அமிலம் கசிந்திருக்கிறது, இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள். ஒட்டி மூன்று நாளாகிறது. ஒரு பெண் அதன்மேல் சாய்ந்துகொண்டு குடம் நிரப்புகிறாள்.
நாத்தனார் சுருண்டு கிடந்தாள். வாந்தி நிற்கவில்லை. “பேப்பர் ஒட்டினாங்க அண்ணி. வரி விஷயம்னு நெனச்சோம்.”
ஐயோ, வாயத் தொறந்து யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா? எப்படிக் கேப்பா, நான்தானே அவளப் படிச்சவளா ஆக்கினேன் –
ஆட்டோவில் அவளை ஏற்றி அனுப்பிவிட்டு வண்டிக்காரரிடம் ஓடினேன். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்களாம். வெறும் தொண்டையோடு வந்தார். ஆளுக்கொரு வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டே போனோம். பல வீடுகளில் யாரும் எழுந்து வரவில்லை.

மே 16
நாத்தனார் போய்விட்டாள்.

மே 21
அதிகாரி துக்கம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நம்ம பக்கம் தப்பு இல்லம்மா. முறையா நோட்டீஸ் ஒட்டியாச்சு. படிச்ச ஜனங்க, படிச்சும் குடிச்சா யார் என்ன பண்றது?”
இருபத்தெட்டுதான் உண்மை என்று எழுதிக் கையில் கொடுத்தேன். வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

ஜூன் 6
வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் நானும் வண்டிக்காரரும் தெருவுக்குப் போகிறோம். சுவரில் என்ன ஒட்டியிருந்தாலும் சத்தமாக வாசிக்கிறோம். முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் இப்போது காத்திருக்கிறார்கள். யாரும் கண்ணாடியைத் தேடுவதில்லை. நேற்று வீடுவரை ஒருவன் பின்னாலேயே வந்தான்.

ஜூன் 19
பேருந்து நிறுத்தத்தில் புதிதாக ஒரு நோட்டீஸ், பசை காயவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. “என்னக்கா போட்டிருக்கு?” என்றார் ஒருவர். வண்டிக்காரர் முதல் வரியைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். “வேணாம்மா, போயிடலாம்.”
நான் வாசித்தேன். அரசு அறிவிப்புகளைப் பொது இடத்தில் உரக்கப் படிப்பது இன்று முதல் குற்றம்.
யாரும் நகரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப் வந்து நின்றது.
“அதுக்குக் கீழ என்னக்கா?” என்றார் முதலில் கேட்டவர்.
கீழே தண்டனை. அதையும் வாசித்தேன்.