ஒத்திவைக்கப்பட்ட கூட்டம்

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்துவிட்டது. இரண்டிலும் அரசியல் அறிவியல்தான். ஒன்று பேருந்தில் அரை மணி நேரம். ஒரு வகுப்பில் இருநூறு பேர், மைக் வைத்துப் பாடம். இன்னொன்றுக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயில். வகுப்புக்கு இருபதே பேர், கடைசி வருடம் ஏதாவதொரு நகரசபையில் ஆறு மாதம் பயிற்சி. எங்கே சேருகிறேன் என்று ஜூலை ஒன்பதுக்குள் சொல்லியாக வேண்டும்.

வேறு வீடாக இருந்தால் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். இங்கே ஓட்டு. அப்பா பேருந்துப் பணிமனையில் சங்கச் செயலாளராக இருந்தவர். டிவியை எந்த மூலையில் வைப்பது என்பதுகூட கை தூக்கித்தான் முடிவாகும். வாரத்துக்கு ஒருவர் தலைவர், ஞாயிறுக்கு ஞாயிறு மாறும். சரிசமமாக வந்தால் அந்த வாரத் தலைவர் சொல்வதே முடிவு.

அப்பா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தூரத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கை தூக்கினார். அம்மா பக்கத்துக்கு. நான் நடுநிலை.

"அரசியல் படிக்கப் போற லட்சணம்" என்றார் அப்பா, மூச்சு வாங்க.

இந்த வாரத் தலைவர் அம்மா. பக்கத்திலேயே சேர் என்று முடித்திருக்கலாம். கூட்டத்தை ஒத்திவைப்பதாகச் சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 5

அம்மாவோடு சண்டை. தலைவராக இருந்துகொண்டு ஏன் மழுப்புகிறாய் என்றேன்.

"நான் முடிவு பண்ணா நாளைக்கு உனக்கு என்மேல கோவம் வரும். உன் கோவத்தையும் வாங்கிட்டு நான் யாரோட இருக்கறது?"



ஜூன் 11

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்தான் தலைவர். ஒரு மண்ணும் செய்யவில்லை.

எனக்குத் தூரத்துக்குப் போகத்தான் ஆசை. அந்த நூலகத்தின் படத்தைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் அப்பாவை இந்த நிலைமையில் விட்டுவிட்டு— நுரையீரல் மருத்துவர் அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவள் என் தலையைத் தடவினாள். தடவிக் கொடுக்கிற ஆளா அவள்? மருத்துவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

சாயங்காலம் அப்பாவின் சிநேகிதர் மெக்கானிக் மாமா வந்தார். படித்து முடித்து, தொழிலாளிகள் எங்களுக்கே எதிராகச் சட்டம் எழுதப் போகிறாயா என்று என்னைக் கிண்டல் செய்தார். அப்பா சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை. மாமா முகம் செத்துப் போய்ச் செருப்பைத் தேடினார்.

இருமல் அடங்கியதும் அப்பா சொன்னது: "வர்ற ஞாயிறு என் வாரம். பெட்டியக் கட்டி வை."

ஜூன் 14, சனி

காலையில் அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவு.

ஜூன் 15

அவருடைய வாரம். வாயில் குழாய், பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடாதபடி கைகளைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 19

அப்பா போய்விட்டார்.

ஜூன் 27

பணிமனை ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கேள்வி— எங்கே சேரப் போறேம்மா? வாயில் நன்றாக வருகிறது. எங்க சேந்தா என்ன? என்ன படிச்சா என்ன? பாஸ் பண்ணா யார்கிட்டப் போய்ச் சொல்றது?

ஆக்சிஜன் மெஷினை எடுத்துப்போக ஆள் வந்தார். அந்த உறுமலைத் திட்டாத நாள் இல்லை. இப்போது வீடு இருக்கிற அமைதி தாங்கவில்லை.

ஜூலை 2

முடிவு செய்துவிட்டேன். பக்கத்துப் பல்கலைக்கழகம்தான். அம்மாவைத் தனியாக விட முடியாது. அவளிடம் சொன்னேன். அதைக் கூட்டத்தில் சொல் என்றாள். எப்போது கூட்டம்? வரும் வாரம் பார்க்கலாம், என்ன அவசரம் என்றாள். கடைசித் தேதி நெருங்குகிறது, அவசரமில்லையாம்!

ஜூலை 7, திங்கள்

சாப்பிட்டு முடித்ததும் அம்மா தட்டை நகர்த்திவிட்டு, "கூட்டத்த ஆரம்பிக்கலாம்" என்றாள். எப்போதும் அப்பா சொல்வது.

நான் பக்கத்துக்குக் கை தூக்கினேன். அம்மா தூரத்துக்கு. தூக்கிய கையை இறக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று.

"இது யார் வாரம்?" என்றாள்.

அப்பா, அம்மா, நான் என்று ஜூன் பதினைந்திலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் நான்காவது விரலில் நின்றுவிட்டேன்.

"அப்பா வாரம். அவர் என்ன சொன்னார்னு உனக்கே தெரியும்" என்றாள் அம்மா.

போன வாரம் கூட்டியிருந்தால் அது என் வாரம், நான் சொன்னதுதான் முடிவு. அதற்காகத்தான் இழுத்தடித்திருக்கிறாள். அழுகுணி ஆட்டம் என்று கத்தினேன். அழுதது நான்தான்.

"செத்தவங்க பேர்ல போடறது கள்ள ஓட்டும்மா."

"இருக்கட்டும். ஒரு தடவதானே" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடுதி அறையில் ஜன்னலோரக் கட்டில் எனக்கு. வெள்ளிக்கிழமை வகுப்பில் முதல்முறையாக வாய் திறந்து வாதாடினேன். பேராசிரியர் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். அதைச் சொல்லத்தான் இன்று வீட்டுக்குப் பேசினேன். அம்மா எல்லாம் கேட்டுக்கொண்டாள். அப்பாவின் கட்டிலை முன்னறையிலிருந்து எடுத்துவிட்டாளாம்.

சுருக்கென்றது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றேன்.

"நீ அங்க இருக்க. இந்த வீட்ல இப்ப எல்லாத் தீர்மானமும் ஏகமனதாத்தான் நிறைவேறுது" என்றாள்.

சிரிக்கத்தான் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன்.