குளியலறையில் ஏது சரளைக்கல்?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். மனம் குழம்பிக் கிடப்பதால், சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. அம்மா விழுந்ததும், அவளுடைய வால் எலும்பு வலியும்.
2. விழுந்த இடம் பற்றி அவள் சொல்வது பொய்.
3. அதில் எதிர்வீட்டுத் தையல்காரப் பெண்ணுக்குப் பங்கு உண்டு.
4. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். கண், காது எல்லாம் திடமாக இருக்கின்றன. கடைக்கு இன்னமும் நான்தான் அம்மாவை ஸ்கூட்டரில் அழைத்துப் போகிறேன்.

முதல் விஷயத்தில் பயமில்லை. எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. நடுவில் ஓட்டை உள்ள மெத்தையில் உட்காரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்; ஆறச் சில வாரம் ஆகுமாம். உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடு. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறாள். "வாலே இல்லாதவளுக்கு வால் எலும்புல வலி, பாத்தீங்களா!" என்று சிரிக்க வேறு செய்கிறாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

குளியலறையில் வழுக்கியதாம். ஆனால் முழங்கைக் காயத்துக்கு மருந்து போட்டபோது பார்த்தேன், தோலுக்குள் பொடிச் சரளைக்கல். உடுப்பின் ஓரத்தில் கறுப்பு எண்ணெய்க் கறை. நம் குளியலறையில் இரண்டும் ஏது? கேட்டால், "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்கிறாள்.

தையல்காரப் பெண் தினமும் பார்க்க வருகிறாள். நான் அறைக்குள் போனால் இருவரும் கப்சிப். முன்பும் மதியம் நான் கண்ணயர்ந்ததும் இருவரும் எங்கோ போய்வந்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. யாராவது அம்மாவைத் தள்ளிவிட்டு, வெளியே சொல்லாதபடி மிரட்டி வைத்திருக்கிறார்களோ? நான் வீணாகக் கற்பனை செய்கிறேனோ என்னவோ. வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லை.

இவ்வளவு எழுதியபோது அந்தப் பெண் வந்துவிட்டாள். பேனாவை வைத்துவிட்டு, வெட்கக்கேடுதான், கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"பிரேக்கைப் பிடிங்கக்கான்னா ரெண்டு காலையும் தூக்கிட்டீங்களே! ஸ்கூட்டர் என்ன ஊஞ்சலா?" என்றாள் அவள். அம்மா சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"வலி போகட்டும், மறுபடி மைதானத்துக்கு வரேன். அன்னிக்கு அவர் பின்னாடி உக்காந்திருந்தேன். எதிர்ல லாரி வர்றதே அவருக்குத் தெரியல. நான் அலறினதாலதான் ஒதுங்கினாரு. பூனைய பாத்து அலறினேன்னு சொல்லிட்டேன். 'கண்ணு தெரியல, வண்டிய விடுங்க'ன்னு எப்படிச் சொல்றது? மனுஷன் ஒடுங்கிப் போயிடுவாரு. நான் ஓட்டக் கத்துக்கிட்டா, எனக்கு ஆசையா இருக்குன்னு சொல்லிச் சாவிய வாங்கிக்கலாம்."

திரும்பி வந்து உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். அவள் அலறியது நினைவிருக்கிறது. லாரி நினைவில் இல்லை.

மகளே, அம்மாவிடம் எதையும் கேட்டுவிடாதே. வலி தீர்ந்ததும் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளும்படி சொல். உன் யோசனையாகவே சொல். நான் ஒன்றிரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டுச் சம்மதிக்கிறேன். எல்லோரும் நல்லபடியாக இருங்கள்.

மேலே நான்காவதாக எழுதியது தவறு.

உன் அப்பா