நாற்காலி போட்ட பட்டறை

மே 3, 1943. திங்கள்

ஜப்பான்காரன் கணக்குப்படி இந்த ஆண்டை 2603 என்றுதான் எழுத வேண்டுமாம். என் மகள் விஜயா சொன்னாள். எந்த ஆண்டாக இருந்தால் என்ன, எனக்கு எழுத வருகிறதே. அறுபத்து மூன்று வயதில் வருகிறதே. அவள் வேலை பார்த்த தமிழ்ப் பள்ளியில் இப்போது ஜப்பான் பாட்டு மட்டும்தான். வீட்டோடு இருக்கிறாள். நாலு மாதமாக எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். இந்த நோட்டும் பள்ளியில் மிஞ்சியது.

சுப்பையன். வாடகைக் கார் ஓட்டுபவன். காஜா பெராங், மலாக்கா.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. விரல் வலிக்கிறது. வலி நன்றாக இருக்கிறது.

மே 6

கார் இரண்டாம் கியரில் நிற்க மாட்டேன் என்கிறது. போட்டால் துள்ளி வெளியே வந்துவிடுகிறது. எண்ணெய் கிடைக்காத காலத்தில் கியர் பெட்டிக்குச் செம்பனை எண்ணெய் ஊற்றி ஓட்டினால் வேறு என்ன நடக்கும்?

சாப்பிடும்போது சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் பொன்னம்மா, "கருணாகரண்ணன்கிட்ட கொண்டு போங்க" என்றாள். என் மனைவிக்கு என் காரைப் பற்றி என்ன தெரியும்? கருணாகரனைத் தெரியும்.

மே 7

ஏன் எல்லோருக்கும் கருணாகரன்?

அவனும் நானும் ஒரே தோட்டத்தில் ஒரே துரைக்கு டிரைவராக இருந்தோம். ஒரு நாள் துரையின் கார் நடுவழியில் நின்றது. அவன் கீழே படுத்து ஏதோ செய்தான். நான் சாமான்களை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். கார் கிளம்பியதும் துரை அவனுக்குக் கை கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. என் கையிலும்தான் கரி. இருபத்தேழு வருஷம் ஆயிற்று. ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை கப்பல் ஏறியபோது தன் காரை யாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்? அவனுக்கு. நான் பதினைந்து வருஷம் வயிற்றைக் கட்டி வாங்கிய அதே கம்பெனிக் கார், அதே வயது.

இப்போது புக்கிட் பாருவில் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே உட்கார ஒரு நாற்காலி கிடையாது. காரின் சொந்தக்காரன் அவன் பக்கத்தில் மண்ணில் குந்த வேண்டும். ஒரு தகரத் தட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கழற்றுகிற ஒவ்வொரு பல் சக்கரத்தையும் வந்தவன் கையில் வைத்து, பல்லை எண்ணு, தடவிப் பார் என்பான். மாற்றினால் பழையதைத் துணியில் கட்டிக் கையோடு கொடுத்துவிடுவான். இதை நேர்மை என்கிறார்கள். வந்தவனைக் கூலியாள் ஆக்குகிற வேலை என்று நான் சொல்கிறேன்.

மே 9

பொன்னம்மா இன்று மூன்று முறை அவன் பெயரைச் சொன்னாள். எண்ணினேன்.

மே 14

ஜூன் 14ஆம் தேதி எல்லா வண்டிகளையும் ஜப்பான்காரன் ஆபீசில் காட்ட வேண்டும் என்று அறிவிப்பு. ஓடாத வண்டியை எடுத்துக்கொள்வார்கள். லைசென்சும் போகும்.

வண்டி போனால் போகிறது என்று இருக்க முடியாது. பெட்ரோல் இல்லாமல் இப்போது பின்னால் கரி அடுப்பு வைத்து அதன் வாயுவில்தான் ஓட்டுகிறோம். அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்று லைசென்சில் எழுதியிருப்பது தியாகுவின் பெயர். விஜயாவின் புருஷன். அதுதான் அவனுடைய வேலைச் சீட்டு. சீட்டு இல்லாத ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப் போகிறார்கள். போன வாரம் புக்கிட் காதிலில் பதினொரு பேர். போனவர்கள் யாரிடமிருந்தும் ஒரு வரி வந்ததில்லை.

விஜயா எனக்கு முன்னால் அழவில்லை. "கருணாகரன் மாமாகிட்டயே போயிருவோம் மாமா" என்றான் தியாகு. இவனுமா?

மே 17

இன்று கார் நிற்கும் இடத்தில் பேச்சு வந்தது. கருணாகரன் நல்ல சக்கரத்தை எடுத்துக்கொண்டு தேய்ந்ததைப் போடுகிறவன் என்று சொன்னேன். கம்போங் செட்டி மருதப்பன் அங்கே நின்றான். அவன் காருக்கும் கியர் பெட்டி வேலை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் அந்தச் செட்டிகளுக்குத் தமிழ் சில வார்த்தைதான், மலாய்தான் பேச்சு. உண்மையா என்பதற்கு "பெத்துல் கா?" என்று கேட்டான். "பெத்துல்" என்றேன்.

சொன்னபோது சர்க்கரை போட்ட காப்பி குடித்த மாதிரி இருந்தது. சர்க்கரை பார்த்து எத்தனை மாதம்.

மே 19

டவுனில் கலியாணசுந்தரத்தின் பட்டறைக்குப் போனேன். பிரம்பு நாற்காலி. மேலே ஓலைப் பந்தல். வறுத்த கிழங்கில் போட்ட காப்பி. கியர் பெட்டியை இறக்கும்போது நானும் எழுந்தேன். "உங்க மாதிரி பெரியவங்க கையில கிரீஸ் படலாமாண்ணே? உக்காருங்க" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தான். மரியாதை தெரிந்தவன்.

நாலு பல் சக்கரமும் போய்விட்டதாம். புதிது அவனிடம் இருக்கிறதாம். ஜப்பான் நோட்டு வேண்டாமாம். பொன்னம்மாவின் தையல் மிஷினைக் கேட்டான். சாக்கைக் கிழித்துக் கால்சட்டை தைத்து அவள் கிழங்கும் மீனும் வாங்குகிற மிஷின்.

வீட்டில் சொன்னேன். "கருணாகரண்ணன் என்ன சொன்னாரு?" என்றாள். அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. மிஷினைத் தூக்கினேன்.

மே 22

இன்றைக்கு நான் ஒரு பில் படித்தேன்!

கலியாணசுந்தரம் தமிழில் எழுதிக் கொடுத்தான். பல் சக்கரம் நான்கு, புதிது. எண்ணெய், புதிது. கூலி. கீழே கையெழுத்து. எழுத்தெழுத்தாகப் படித்தேன். முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றான். "அண்ணே படிச்சவரு" என்றான். என்னை இதுவரை அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

கழற்றிய பழைய சக்கரங்கள் எங்கே என்று தியாகு கேட்டான். பழைய இரும்பை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்று கலியாணசுந்தரம் சொன்னான். தியாகு மறுபடி வாய் திறந்தான். "பேசாம இருடா, பில்லுல எழுதியிருக்குல்ல" என்றேன்.

கார் பூனை மாதிரி வருகிறது. சத்தமே இல்லை. வேண்டுமென்றே புக்கிட் பாரு வழியாகச் சுற்றி வந்தேன். கருணாகரன் கேட்டிருப்பான்.

மே 23

மிஷின் இருந்த இடத்தில் பொன்னம்மா பாயைப் போட்டிருக்கிறாள். ஊசி நூலை வைத்துக்கொண்டு கையால் தைக்கிறாள்.

மே 31. திங்கள்

புக்கிட் காதிலிலிருந்து மரவள்ளி மூட்டை ஏற்றி வந்தோம். புக்கிட் பாரு ஏற்றத்தில் கியர் பெட்டி அலறியது. பிறகு ஒரு வாசனை. "யாரோ பீசாங் கோரேங் பொரிக்கிறாங்க மாமா" என்றான் தியாகு. நானும் சிரித்தேன். வாழைப்பழம் பொரிக்கிற வாசனையேதான். அந்த வாசனை காருக்குள்ளிருந்து வந்தது. இரண்டாம் கியர் போயிற்று. மூன்றும் போயிற்று. கார் நின்றுவிட்டது.

கருணாகரன் பட்டறைக்கு இருநூறு அடி தூரத்தில். மலாக்காவில் வேறு இடமா இல்லை?

அவனே வந்தான். பின்னால் போய்த் தள்ளினான்.

ஜூன் 1

மண்ணில் குந்தினேன். தட்டைப் பிடித்தேன்.

எண்ணெயைத் துணி வழியாக வடித்தான். துணியில் கறுப்பாகக் கூழ் நின்றது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். வாழைப்பழத் தோல். மரத்தூள். தேய்ந்த சக்கரம் சத்தம் போடாமல் இருக்க அடைப்பதாம். பத்து நாள் தாங்குமாம். பிறகு சக்கரங்கள் வந்தன. "எண்ணு" என்றான். எண்ணினேன். இரண்டாவதில் மூன்று பல் இல்லை. மூன்றாவது என் வாய் மாதிரி இருந்தது.

பையிலிருந்து பில்லை எடுத்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான்.

"பில்லு நல்லாத்தான் எழுதியிருக்கான், சுப்பையா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் கலியாணசுந்தரத்திடம் கொண்டு போனபோது இரண்டாவது மட்டும்தான் தேய்ந்திருக்கும், நல்லவற்றை உருவிக்கொண்டு இந்தக் குப்பையைப் போட்டிருக்கிறான் என்றான். மாற்றுச் சக்கரம் மலாக்காவில் எங்கும் இல்லை என்றும் சொன்னான். 14ஆம் தேதிக்குப் பதின்மூன்று நாள்.

ஜூன் 2

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். மே 17க்கு வந்து நின்றுவிட்டேன். கருணாகரன் நல்ல சக்கரத்தை எடுத்துக்கொண்டு தேய்ந்ததைப் போடுகிறவன். என் கையெழுத்துத்தான். வரிசையாக, அழகாக இருக்கிறது. பில்லும் அப்படித்தான் இருந்தது.

எழுதியிருந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று அறுபத்து மூன்று வருஷம் நினைத்திருந்தேன். படிக்கத் தெரியாதவன் வேறு எப்படி நினைப்பான்? எழுதுகிறவனாக ஆன பிறகும் நினைத்தேனே.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா? கிழிக்கவில்லை.

ஜூன் 5

கருணாகரன் தன் காரைத் திறந்தான். துரை கொடுத்த கார். இரண்டாம் சக்கரத்தையும் மூன்றாவதையும் எடுத்து என் தட்டில் வைத்தான்.

"ஏன்டா இப்படிப் பண்றே?" என்றேன்.

"உன் வண்டி நின்னா தியாகுவையில்ல ஏத்திக்கிட்டுப் போவான்" என்றான். தலையைக்கூடத் தூக்கவில்லை.

நன்றி வர வேண்டும். வந்தது, கொஞ்சம். அதற்கு முன்னால் வயிறு எரிந்தது. இதை இவன் இவ்வளவு லேசாகச் செய்கிறானே. என் மருமகனைக் காப்பாற்றுவதிலும் இவன்தான் முந்த வேண்டுமா? இங்கே பொய் எழுத மாட்டேன். எரிந்தது.

ஜூன் 6

பெட்டியை மூடும்போது சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி இப்படிச் சொன்னேன் என்று.

தெரியும் என்றான். மருதப்பன் அன்றைக்கே அவனிடம் நேரில் வந்து கேட்டானாம். இவன் பதில் சொல்லவில்லையாம். பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார் என்று அனுப்பிவிட்டானாம். ஆக, காரைத் தள்ளியபோதே தெரியும். சக்கரத்தைக் கொடுத்தபோதும் தெரியும்.

"என்கிட்ட ஏன்டா சொல்றே? மருதப்பன்கிட்ட போய்ச் சொல்லு. அவன் வண்டி கலியாணசுந்தரத்துக்கிட்டதான் நிக்குது."

ஜூன் 7. திங்கள்

கம்போங் செட்டிக்குப் போனேன். கோயில் தெருவில் மூன்றாவது வீடு. வழியெல்லாம் மலாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "சாயா போஹோங்." நான் பொய் சொன்னேன். இரண்டே வார்த்தை. அவன் மனைவி அன்னம் பக்கத்தில் நின்று கேட்டாள். மருதப்பன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு என்னோடு டவுனுக்குக் கிளம்பினான்.

கலியாணசுந்தரம் இரண்டு நாற்காலி போட்டான். நான் தரையில் குந்தினேன். வெள்ளைச் சாரோங் கட்டியிருந்த மருதப்பனும் குந்தினான். மருதப்பன் காரின் கியர் பெட்டியை எங்கள் முன்னால் கொண்டுவரச் சொன்னேன். நாளைக்கு என்றான். நாளை வரை இப்படியே இருக்கிறோம் என்றேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சந்தைக்குப் போன ஒரு சீனக் கிழவி கூடையை இறக்கி வைத்துவிட்டே பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்தபோது பெட்டி வந்தது. நல்லவேளை, இன்னும் கை வைக்கவில்லை. ஒவ்வொரு சக்கரத்தையும் மருதப்பன் கையில் கொடுத்து எண்ணச் சொன்னேன். எல்லாவற்றையும் சாக்கில் கட்டினோம்.

என் சக்கரங்களையும் மிஷினையும் கேட்டேன்.

"எந்த மிஷின்ணே? பில்லுல இருக்கா?"

அங்கேயே பிரித்துப் படித்தேன். இல்லை. அன்றைக்கு அத்தனை சந்தோஷமாகப் படித்தேன், என்ன எழுதவில்லை என்று பார்க்கவில்லை.

ஜூன் 8

வீட்டில் சொன்னேன். எல்லாவற்றையும். கடைசியில் மிஷின் வராது என்பதையும். பொன்னம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "கண்ணு தெரியல, இதைக் கோத்துக் குடுங்க" என்றாள். கோத்துக் கொடுத்தேன். இன்று ஆறு முறை கோத்தாயிற்று.

ஜூன் 14

காட்டினோம். ஒரு அதிகாரி ஏறி உட்கார்ந்து தானே ஓட்டிப் பார்த்தான். எல்லாக் கியரையும் போட்டான். முத்திரை குத்தினார்கள். தியாகுவின் பெயருக்கு எதிரிலும் குத்தினார்கள், செப்டம்பர் வரை. மருதப்பன் காரும் தேறிற்று. கருணாகரன்தான் இரண்டே நாளில் பூட்டிக் கொடுத்தான். அவனுடைய கார் கட்டை மேல் நிற்பதைக் கண்டு, ஓடாதது என்று எழுதிக்கொண்டு போனார்களாம்.

ஜூன் 19

கருணாகரன் காரை ஆபீஸ் ஆட்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தியாகு வந்து சொன்னான். கிழங்குத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

ஜூன் 27. ஞாயிறு

கருணாகரன் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். உப்பு சரியா என்று பொன்னம்மா அவனைக் கேட்டாள். நாற்பது வருஷத்தில் என்னைக் கேட்டதில்லை.

பிறகு அவனை நானே வீட்டில் விடப் போனேன். இனி எங்கே போவதானாலும் நான்தான். தியாகு பின்னால் அடுப்போடு இருந்தான். புக்கிட் பாரு ஏற்றத்தில் இரண்டாம் கியர் போட்டேன். அவன் சக்கரம் ஒரே சீராக இழுத்தது. கருணாகரன் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தான்.

ஏற்றம் முடிந்தது. "மாமா, மூணுக்கு மாத்துங்க, கரி வீணாகுது" என்று தியாகு பின்னாலிருந்து கத்தினான்.

கொஞ்ச தூரம் மாற்றாமலே போனேன்.